சித்தி படிக்காத இரண்டாம் பாகம்

ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடி வைப்பது ஒன்றும் கொலைக்குற்றமில்லை. உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மீதிப் பேர் திறப்பதே இல்லை. ஆனால் சித்தி அந்த இரண்டாம் பாகத்தைப் பாதியில் மூடிவிட்டு, முழுசாகப் படித்துவிட்டேன் என்று சொன்னாள். அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுடைய அக்கா மகள் இந்நேரம் இந்த வீட்டு முன்னறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, ஃபேனைக் கூட்டி வை, குறைத்து வை என்று சித்தியின் உயிரை வாங்கிக்கொண்டிருப்பாள். இப்போது முன்னறையில் ஃபேன் மட்டும் இருக்கிறது.

சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. கண் பரிசோதித்து எழுதிய சீட்டு முன்னாலிருந்து வரும். லென்ஸின் நடுவில் மையால் புள்ளி வைத்து, ஃபிரேம் அளவுக்கு மெஷினில் தேய்த்து, ஃபிரேமைச் சூடு காட்டி இளக்கிப் பொருத்துவாள். பொருத்திய பிறகு இன்னொரு தடவை பவர் பார்க்காமல் ஒரு கண்ணாடியைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை. முதலாளி அவசரப்படுத்தினால், "அவ்வளவு அவசரம்னா பார்க்காம நீங்களே மாட்டிக்கிட்டு ரோட்டை கிராஸ் பண்ணுங்க" என்பாள். அவ்வளவு ஒழுங்கானவள்தான் இந்த வேலையையும் பார்த்தாள்.

சித்திக்குப் பிள்ளை கிடையாது. அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எங்கக்கா பெத்தது ஒண்ணே பத்துக்குச் சமம், போதும்" என்று வாயை அடைத்துவிடுவாள். அந்த ஒன்றுக்கு அவள் வைத்த பேர் வாலு.

வாலுவுக்குப் பதினாறு வயதானபோது 'மூன்றாம் மாடி' என்று ஒரு பேய்க்காதல் கதை வந்தது. அந்த வயசுப் பிள்ளைகளெல்லாம் பைத்தியமாகத் திரிந்த புத்தகம். ஒரு பெண் குடும்பத்தோடு வாடகைக்கு வருகிற வீட்டின் மூன்றாம் மாடியில், ஏரியில் மூழ்கிச் செத்த ஒரு பையன் இருக்கிறான். அவன் நிற்கிற இடமெல்லாம் தரையில் ஈரக் கால்தடம் விழும். ஆனால் தொட்டால் கை காற்றில் போகும். தொட முடியாத அந்தக் காதலை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் ஆளை உலுக்கி எடுத்திருந்தார் எழுதிய அம்மாள். வாலு அந்தப் பையனுக்கு ஈரக்காலன் என்று பேர் வைத்தாள். சித்தி, கடைக்குக் கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து ஆள் கேட்டதற்குத் தேய்த்த தூள் பட்டுவிட்டது என்றாள்.

இருவருக்கும் படிப்பதில் ஒரு முறை இருந்தது. வாலு முதலில் படித்து, பக்க ஓரத்தில் பென்சிலால் தனக்குத் தோன்றியதை எழுதுவாள். பிறகு புத்தகம் சித்தியிடம் வரும். அவள் அதற்குக் கீழே நீல மையில் பதில் எழுதித் திருப்பிக் கொடுப்பாள். 'ஈரக்காலன் ரொம்ப பாவம்' என்று வாலு எழுதினால், 'தினம் அந்தத் தரையைத் துடைக்கிறவ பாவமில்லையா? செத்தும் ஆம்பளை ஆம்பளைதான்' என்று சித்தி எழுதுவாள். நேரில் வாயைத் திறக்காத பெண் பென்சிலைப் பிடித்தால் கொட்டித் தீர்த்துவிடும். பள்ளிக்கூடத்தில் யார் பேசவில்லை, அம்மா எதற்குத் திட்டினாள், எல்லாம் ஈரக்காலனுக்கு நடுவில் வந்துவிடும்.

அந்த முதல் பாகத்தில் ஓரிடத்தில், 'செத்தவன்னு தெரிஞ்சும் இவ காதலிச்சது சரி, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்' என்று வாலு எழுதியிருந்தாள். சித்தி அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. புத்தகம் திரும்பிப் போனதும் வாலு கேட்டாள்.

"ஏன் சித்தி இதுக்கு மட்டும் பதில் இல்ல?"

"எங்க ஒண்ணும் எழுதலையோ அங்கெல்லாம் நான் ஒத்துக்கலைன்னு வச்சுக்கோ. வேண்டாம்னு எழுதி உன் மூஞ்சி சுருங்கறதை என்னால பார்க்க முடியாது."

வாலு சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அன்றிலிருந்து அது அவர்களுக்குள் சட்டமாகிவிட்டது. சட்டம் போட்டவள் சித்திதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இரண்டு வருஷம் காக்க வைத்துவிட்டு இரண்டாம் பாகம் வந்தது. வாலு பள்ளிப் படிப்பை முடித்திருந்த நேரம். அக்காக்காரி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். மகளும் நர்ஸ் ஆக வேண்டும், வேறு ஊரில் தன் தோழி தலைமை வகிக்கும் நர்ஸிங் பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். சித்திக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அக்கா எதிரிலேயே வாலுவைக் கேட்டாள்.

"உனக்கு இஷ்டம்தானாடி?"

"ம்."

அந்த 'ம்'மை சித்தி நம்பிவிட்டாள். பெண் தன் வாயால் சொன்ன பிறகு நான் யார் நடுவில் என்று நினைத்தாள். வாலு எதையும் வாயால் சொல்லுகிறவள் இல்லை என்று சித்தியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாலு இரண்டாம் பாகத்தை அவள் கையில் கொடுத்தாள். "சீக்கிரம் படிச்சுக் கொடுங்க சித்தி. முழுசா படிங்க" என்றாள்.

படித்தால்தானே. அந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்றோ, முதல் பாகத்தை எழுதிய கை இது இல்லை என்று சித்திக்குப் பத்தாவது பக்கத்திலேயே தோன்றிவிட்டது. ஈரக்காலனை முதல் அத்தியாயத்திலேயே எங்கோ அனுப்பிவிட்டு, பாதி ஓநாயாக மாறுகிற ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார். அவன் எப்போது பார்த்தாலும் சட்டை போடாமல் மரத்தில் சாய்ந்து நிற்கிறான். கதாநாயகி அவனைப் பார்த்தால் மயங்குகிறாள், பார்க்காவிட்டால் அழுகிறாள். போதாததற்கு ஆவிகளுக்கென்று ஒரு சங்கம், அதற்குத் தலைவர், செயலாளர், மாதாந்திரக் கூட்டம். கூட்டம் இருபது பக்கம் நடக்கிறது. 'செத்த பிறகும் மீட்டிங்கா? எங்க முதலாளி பரவாயில்ல' என்று சித்தி ஓரத்தில் எழுதினாள். வாலுவும் மேலே, 'கொட்டாவி நம்பர் 9' என்று எழுதியிருந்தாள். ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போனது கதை.

அந்தச் சமயம் பார்த்து சித்தப்பா கீழே விழுந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு கட்டடத்தில் ஏணி சறுக்கி, கால் எலும்பு முறிந்து, இடுப்புவரை கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். சித்தி கடைக்கும் வீட்டுக்குமாகப் பம்பரமாய்ச் சுற்றினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஓநாய்ப் பையன் மறுபடியும் சட்டையைக் கழற்றியபோது, 'போதும்டா சாமி' என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். நல்ல முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு இப்படி ஏமாற்றினால் கோபம் வராதா?

வாலு இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்தாள். பின்னால் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"எந்தப் பக்கத்துல இருக்கீங்க சித்தி?"

"போயிட்டிருக்கேன்டி."

"பாதியாவது தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டேன், தாண்டிட்டேன். சித்தப்பா கூப்பிடறார், அப்புறம் பேசறேன்."

மூன்றாவது தடவை அவள் கேட்டபோது சித்திக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைக்கு அரட்டை அடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதே சமயம், படிக்கவில்லை என்று சொன்னால் மனசு வாடிப்போகுமே என்றும் இருந்தது. என்ன செய்தாள் தெரியுமா? கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் திருப்பிப் படித்தாள். ஈரக்காலன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், தொடரும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே நீல மையில், 'அப்பாடா, ஒருவழியா முடிச்சேன். ஒரு வரி விடாம படிச்சதுக்கு எனக்கு மெடல் கொடுக்கணும்' என்று எழுதினாள். மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் அக்கா வீட்டு வாசலில் வைத்தே வாலுவிடம் கொடுத்துவிட்டாள்.

"முழுசா படிச்சீங்களா சித்தி?"

"முழுசா."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும்தான். பஸ் போயிடும், வரட்டா?"

வாலு புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சித்தி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பஸ் பிடிக்கப் போனாள்.

மூன்று வாரத்தில் வாலு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வழியனுப்பப் போன சித்தி அவளைக் கட்டிக்கொண்டாள். வாலு கட்டிக்கொள்ளவில்லை. ஊரை விட்டுப் போகிற துக்கம் என்று இவளாகவே அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு போன் செய்தால், "நல்லா இருக்கேன் சித்தி", "சாப்பிட்டேன் சித்தி", "டியூட்டி இருக்கு சித்தி." லீவுக்கு வந்தபோது ஒரு மணி நேரம், அதுவும் நாற்காலி நுனியில். முன்னறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் மட்டும், "கால் எப்படி இருக்கு?" என்று நாலு கேள்வி கேட்டாள். வளர்ந்துவிட்டது, இனி நம்மை எங்கே மதிக்கும் என்று சித்தி பல நாள் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மூன்றாம் பாகம் வந்தது. கடைக்கு எதிரே புத்தகக் கடைக் கண்ணாடியில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் சித்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாங்கிக்கொண்டு அங்கிருந்தே போன் செய்தாள்.

"வாலு, மூணாம் பாகம் வந்தாச்சு. நீ முதல்ல படிக்கிறியா? அனுப்பி வைக்கவா?"

"நீங்களே படிங்க சித்தி. எனக்கு நேரமில்ல."

"என்னடி, நம்ம ஈரக்காலன்டி."

"டியூட்டி இருக்கு சித்தி."

வைத்துவிட்டாள். சித்திக்கு ரொம்ப வலித்தது. இந்தப் பெண்ணை மறுபடி தன் பக்கம் இழுக்க ஒரே வழி அந்தப் புத்தகம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் பாகத்தைப் படித்து, தானே முதலில் ஓரத்தில் எழுதி அனுப்பினால் பதில் எழுதாமலா இருப்பாள்? அதற்கு இரண்டாம் பாகத்தில் நடந்தது தெரிய வேண்டுமே. அக்கா வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தாள். மறுநாள் மதியம், கடையின் பின்னறையில், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு நீல மை இல்லை. வாலுவின் பென்சில் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நூற்று இருபதில், 'கொட்டாவி நம்பர் 14.' நூற்று நாற்பதில், 'சித்தி, இன்னும் இருக்கீங்களா? தூங்கிடாதீங்க.' சித்தி சிரித்தாள். நூற்று அறுபதுக்குப் பிறகு கிண்டல் குறைந்துகொண்டே வந்தது. நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை எழுதி, ரப்பரால் தேய்த்து அழித்திருந்தது. பாதி அழியவில்லை. சித்தி மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

'சித்தி, எனக்கு நர்ஸ் படிப்பு வேண்டாம். ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வருது, அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற காலேஜ்ல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. அம்மாவுக்குத் தெரியாது. இருபதாம் தேதிக்குள்ள சேரணும். நான் உங்க முன் ரூம்ல இருந்துக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன், சித்தப்பாவையும் பார்த்துக்கறேன். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாங்க. போன்ல பேச முடியல, பக்கத்துலயே நிக்கறாங்க. சரின்னா சரின்னு எழுதுங்க. வேண்டாம்னா நம்ம சட்டப்படி ஒண்ணும் எழுத வேண்டாம். நான் புரிஞ்சுப்பேன். கோச்சுக்க மாட்டேன்.'

அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடம் அப்படியே இருந்தது. எல்லாப் பக்கமும் படித்தேன் என்று வாசலில் நின்று சொன்னேனே, மெடல் கேட்டேனே, பாவி நான் என்று சித்தி வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்னால் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவள் பொருத்திய கண்ணாடிகளை அவளே நம்பாமல் மூன்று முறை சரி பார்த்தாள்.

"போன்ல சொல்லிடேன்" என்றார் சித்தப்பா. கேட்டதிலிருந்து அவரும் இடிந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார்.

"போன்ல சொல்லி முடிச்சுடற விஷயமாங்க இது?"

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள். ஹாஸ்டலைச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. பார்வையாளர் அறையில் ஒரு நீள மேசை, எதிரெதிரே பெஞ்சு, சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஆறு படம். வாலு யூனிபார்மில் வந்தாள், தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். சித்தியைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"சித்தப்பாவுக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணுமில்ல, உட்காரு. நான்தான் ஒரு விஷயம் சொல்லணும்." வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "அந்த இரண்டாம் பாகத்தை நான் படிக்கவே இல்லடி. நூத்திப் பன்னெண்டோட மூடிட்டேன். நீ எழுதினதை நேத்துதான் பார்த்தேன்."

வாலு ஒன்றும் புரியாதவள் போல் பார்த்தாள்.

"கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தீங்களே."

"கடைசி ரெண்டு பக்கத்தை மட்டும் பார்த்துட்டு எழுதினேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னேன்."

"நான் மூணு தடவை கேட்டேன் சித்தி."

"கேட்ட. மூணு தடவையும் பொய்தான் சொன்னேன்."

வாலு மேசையில் இல்லாத தூசியை விரலால் தள்ளினாள். "புத்தகம் வந்த அன்னைக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திறந்தேன். ஒண்ணும் இல்ல. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு, எழுதினதை அழிச்சு மூடி வச்சுட்டேன். அப்புறம் ஒரு வாரம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். அதுக்கப்புறம் நானே உங்களுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சேன். சித்தப்பா படுத்த படுக்கை, வீடு சின்னது, அம்மாகிட்ட வேற சண்டை வரும், பாவம் சித்தி, என்ன பண்ணுவாங்கன்னு. எனக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்ல. பேசினா அழுதுடுவேன், அதான் பேசல."

"என்கூட வந்துடு. இப்பவே அக்காகிட்ட நான் பேசறேன். அவ குதிச்சா குதிக்கட்டும்."

"எங்க வர்றது? மூணு வருஷம் படிச்சு முடிக்கிறேன்னு அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கோம். முடிக்கிற வரைக்கும் சர்டிஃபிகேட் எல்லாம் இந்த நர்ஸிங் ஸ்கூல்லதான். அந்த காலேஜ்ல இடமும் போச்சு." யூனிபார்ம் கையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப மயக்கம் வர்றதில்ல. பழகிடுச்சு" என்றாள்.

வார்டில் பெரியவர்கள் பேசுவது போல் பேசினாள். அதுதான் சித்திக்குத் தாங்கவில்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். இந்தப் பெண் திட்டக்கூட இல்லை. மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தாள்.

வாலு அதற்குள் கேட்டாள். "சித்தி, அன்னைக்கு அதைப் படிச்சிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

சித்தி யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ.

"இது ஒரு கேள்வியா? சரின்னுதான். எழுதறதென்ன, அன்னைக்கே வந்து உன் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

அதுவரை அழாமல் இருந்தவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. சித்தி எழுந்து சுற்றி வந்து முதுகில் கை வைத்தாள். வாலு அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சுதான் இங்க இருக்க முடிஞ்சுது சித்தி" என்றாள், முகத்தை எடுக்காமல். "இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. இனிமே எப்படி இருக்கிறது?"